வீடு கட்டுறது நாம, மனை யாருது?

(கும்மிடிப்பூண்டியில் நடந்த அம்பேத்கர் பிறந்தநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏழைகளுக்கான குறைந்த விலை வீடு என்கிற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் எழுத்தாளனும் இல்லை, பேராசிரியரும் இல்லை. சித்தாள் வேலையில் ஆரம்பிச்சு, கொத்தனாராகி, இரவுப் பள்ளியில் படிச்சு, ஓவர்சியராகி, முப்பத்திநாலு வருசம் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திலும் வடசென்னையிலும் காலனி வீடும் அடுக்குமாடி வீடும் கட்டினவன். கடைசிப் பத்து வருசமா, கட்டின வீடு இடிஞ்சு விழாம காப்பாத்துறது எப்படின்னு குடியிருக்கிற மக்களோட சேர்ந்து வேலை பார்த்துக்கிட்டு இருக்கேன். அதனால சிமெண்டு, கம்பி, பட்டா இந்த மூணு பாஷையும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். குறைந்த விலை வீடுன்னு பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் விலையைப் பத்தித்தான் பேசறாங்க. சதுர அடிக்கு எவ்வளவு, மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு. நம்ம சனங்களுக்கு வீட்டுப் பிரச்சினை என்பது விலைப் பிரச்சினையா மட்டும் எப்பவுமே இருந்ததில்லை. வீடு எந்த இடத்தில் இருக்கு, அந்த மனை யார் பேரில் இருக்கு, பத்து வருசம் கழிச்சு அதை யார் பழுது பார்ப்பாங்க, இந்த மூணு கேள்விக்கும் பதில் இல்லாம விலையை மட்டும் குறைச்சா, நமக்குக் கிடைக்கிறது வீடு இல்லை, ஒதுக்கிவைக்கிற இடம்.

இந்தக் கதை இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்லை. அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா என்றால் பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் அதுக்குள்ளதான். 1891-இல் அந்த ஜில்லா கலெக்டராக இருந்த ஜேம்ஸ் டிரெமன்ஹீர் என்கிற வெள்ளைக்காரர் நம் மக்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் கண்டுபிடிச்சுச் சொன்ன முக்கியமான விசயம் குடியிருப்பு மனை. நம்ம ஆள் குடியிருக்கிற குடிசை அவன் உழைச்சுக் கட்டினது. ஆனா அது நிக்கிற மண் மிராசுதாரன் பிடியில். கூலி அதிகம் கேட்டாலோ, வேற இடத்துக்கு வேலைக்குப் போனாலோ, மிராசுதாரன் சொல்ற ஒரே வார்த்தை, 'குடிசையைக் காலி பண்ணு.' அதாவது நம்மை அடிமையாக் கட்டிவைச்ச கயிறு சாட்டை மட்டும் இல்லை, மனையும்தான். அந்த அறிக்கையோட தொடர்ச்சியாத்தான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதா சொல்லப்படுது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதுக்கப்புறம் வித்தாலும் நம் வகுப்பாருக்குத்தான் விற்கணும் என்று நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கத்தான் 1994-இல் காரணையில் சனம் திரண்டது. அக்டோபர் மாசம் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தாங்க.

1971-இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகள் அடுத்தவன் மண்ணில் குடிசை போட்டிருந்தா அந்த மனை அவங்களுக்கே சொந்தம் என்று சொன்ன சட்டம். கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தி மூணு வருசம் ஆகுறதுக்கு முன்னாடி வந்த சட்டம். 1891-இல் கலெக்டர் எழுதினதுக்கும் 1971-இல் சட்டம் வந்ததுக்கும் நடுவில் எண்பது வருசம். ஒரு மனைக்கு எண்பது வருசம் காத்திருக்க வைச்ச சமூகம் இது என்பதை மறந்துடாதீங்க.

அடுத்து 1974. தாட்கோ ஆரம்பிச்ச வருசம். அப்போ அதுக்குப் பேரு அரிசன வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகம். இன்னைக்கு தாட்கோன்னாலே ஆட்டோ லோன், கடை லோன் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். அது பிறந்தது வீடு கட்டுறதுக்கு. கூரைக் குடிசைக்குப் பதிலா தீப்பிடிக்காத தொகுப்பு வீடு. 1980-க்கு அப்புறம்தான் கடன், தொழில் என்று அதோட வேலை விரிஞ்சது. தொகுப்பு வீட்டை நான் கேலி பேசமாட்டேன். மழை பெஞ்சா ராத்திரி முழுக்கப் பிள்ளையை மடியில் வைச்சுக்கிட்டுக் குந்தியிருந்த நம் அம்மாக்களுக்கு, தலைக்கு மேல ஒரு தளம் என்பது சாதாரண விசயம் இல்லை. தீக்குச்சிக்குப் பயப்படாம படுக்கிறதும் சாதாரண விசயம் இல்லை.

ஆனா அந்தத் தொகுப்பு வீடு எங்க கட்டப்பட்டது? உங்க ஊரில் போய்ப் பாருங்க. ஊருக்குக் கிழக்கே, ஏரிக்கு உள்வாயில், சுடுகாட்டுப் பாதையில், மடைத் தண்ணி வடியிற பள்ளத்தில். இது தற்செயல் இல்லைங்க. மனை வாங்க அரசாங்கத்தில் பணம் கொஞ்சம். கொஞ்சப் பணத்துக்குக் கிடைக்கிறது எவனும் பயிர் வைக்காத பள்ளம். நல்ல மேட்டு நிலம் எடுக்கலாம்னா நிலக்காரன் வழக்குப் போடுவான். அதுக்காகத்தான் 1978-இல் அரிசன நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கிற தனிச் சட்டத்தை தமிழ்நாடு கொண்டுவந்தது. அதையும் எதிர்த்து வழக்கு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கிற பிரிவை மட்டும் நீக்கிட்டு, சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது 1994-இல். பதினாறு வருசம். அந்தப் பதினாறு வருசத்தில் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக மனையில்லாம ஒரே தொகுப்பு வீட்டில் மூணு குடும்பம் தடுப்புச் சேலை கட்டிப் படுத்ததை நான் பார்த்திருக்கேன்.

இப்போ இதோட இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் வைச்சுப் பாருங்க. 1997-இல் தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுக்கும் சட்டம் வந்தது. அதே 1997-இல்தான் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆச்சு. 2013-இல் மத்திய அரசு புதிய நில எடுப்புச் சட்டம் போட்டது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்யணும், சில வகை எடுப்புக்கு நிலக்காரர் சம்மதம் வாங்கணும் என்றெல்லாம் அதில் இருக்கு. தமிழ்நாடு அரசு 2014-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து மூணு மாநிலச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கியது. எந்த மூணு? நெடுஞ்சாலைச் சட்டம், தொழிற்சாலைச் சட்டம், நம்ம பேரில் இருக்கிற 1978 சட்டம். 2019-இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருசம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தாங்க. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சேரிக்கு மூணு சென்ட் மனை எடுக்கிறதையும் கம்பெனிக்கு ஆயிரம் ஏக்கர் எடுக்கிறதையும் ஒரே மூட்டையாக் கட்டினாங்க. மூட்டையில் எது கனம், எது மேல வைச்ச துணின்னு நான் சொல்லணுமா? ரெண்டு சட்டத்துக்கும் ஒரே அளவு அதிகாரம் இருக்கு. ஒண்ணு ஓடுது, இன்னொண்ணு நொண்டுது. காரணம் சட்டத்தில் இல்லை, அதைக் கையில் வைச்சிருக்கிற மனசில் இருக்கு.

இதுக்கு சாட்சி நம்ம தாலுகாவிலேயே இருக்கு. தேர்வாய் கண்டிகை. பெரும்பான்மை தலித் மக்கள் வாழுற கிராமம். ஆடு மாடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், மூலிகை எடுக்கவும் அவங்களுக்கு இருந்தது 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம். அந்த நிலம் சிப்காட்டுக்குப் போனது. 2009-இல் மிசெலின் டயர் கம்பெனியோட அரசு ஒப்பந்தம் போட்டது. மக்கள் எதிர்த்தாங்க, கைதானாங்க, நீதிமன்றம் போனாங்க. 2012-இல் பிரான்சு நாட்டுத் தொழிற்சங்கம், தொண்டு அமைப்புகளோட சேர்ந்து, பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான நெறிமுறைப்படி அந்த நாட்டு அலுவலகத்திலேயே புகார் கொடுத்தாங்க. ஒரு சேரியோட குரல் பாரிஸ் வரைக்கும் போனது. நிலம் திரும்பி வரலை.

இங்க வீட்டுப் பிரச்சினை எங்கே வருதுன்னு கேட்பீங்க. பட்டா இல்லாத பொது நிலம்தான் நம்ம சனத்தோட பாதி வீடு. மாடு கட்டுற இடம், விறகு, கூரைக்குப் புல்லு, பிள்ளைகள் பெருகினா அடுத்த குடிசை போடுற இடம் எல்லாம் அதில்தான். அது போனா நாலு சுவர் மிஞ்சும், வாழ்க்கை மிஞ்சாது. மேய்க்கால் போன ஊரில் அடுத்த தலைமுறைக்கு மனை எங்கிருந்து வரும்?

சரி, கம்பெனி வந்துச்சே, வேலை செய்யறவங்க எங்க குடியிருக்காங்க? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுத்தி நடந்து போங்க. வரிசை வரிசையா ரூம். அஸ்பெஸ்டாஸ் இல்லைன்னா தகரக் கூரை. ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர். பகல் ஷிப்டு ஆள் எழுந்துபோன பாயில் ராத்திரி ஷிப்டு ஆள் வந்து படுப்பான். உருட்டாலைச் சூட்டில் எட்டு மணி, பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற பீகார்க்காரனும் ஒடிசாக்காரனும் தகரத்துக்குக் கீழ வேகறான். அவங்களில் எத்தனையோ பேர் அங்கேயும் நம்மைப் போலச் சேரியில் பிறந்தவங்கதான். 'வடக்கத்தியான் வந்து வாடகையை ஏத்திட்டான்' என்று நம்ம பையன்களே பேசறதைக் கேக்கறேன். ஏத்தினவன் அவன் இல்லை தம்பி. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுக்கிற பேட்டையைப் போட்டவன் ஒரு குடியிருப்புக்கு மனை ஒதுக்காம விட்டானே, அவன்தான் ஏத்தினான்.

ஒதுக்க முடியாதா? முடியும். காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டின குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தாங்க. 18,720 பேர் தங்கலாம். மின்னணுக் கம்பெனியில் வேலை செய்யற பெண்களுக்கு. அரசும் தொழிற்பேட்டையும் நினைச்சா வீடும் கட்டலாம் என்பதுக்கு அது ஆதாரம். ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். அது படுக்கைக் கணக்கு. கட்டில் வேற, வீடு வேற. கட்டிலில் படுக்கிறவ வேலையை விட்டா அன்னைக்கே மூட்டையைக் கட்டணும். கூலி கேட்டா குடிசையைக் காலி பண்ணுன்னு சொன்ன மிராசுதாரன் ஞாபகத்துக்கு வரணும். வேலையையும் வீட்டையும் ஒரே ஆள் கையில் கொடுக்கக் கூடாது. தொழிலாளிக்கு வீடு வேணும், அது கம்பெனியோட பிடிக்கு வெளியே இருக்கணும்.

இப்போ நகரத்துக்கு வர்றேன். 1970-இல் குடிசை மாற்று வாரியம், 1971-இல் குடிசைப் பகுதிச் சட்டம். அந்தச் சட்டத்தோட பலம் என்னன்னா, ஒரு பகுதியைக் குடிசைப் பகுதின்னு அறிவிச்சுட்டா, உரிய அதிகாரியோட அனுமதி இல்லாம அங்க இருக்கிறவங்களைக் காலி பண்ண முடியாது. அது ஒரு கேடயம். சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகளை அறிவிச்சாங்க. 1985-இல் இன்னும் 17. அதுக்கப்புறம் நகரம் பல மடங்கு வளர்ந்தது, கூவம் ஓரமும் கொற்றலை ஓரமும் குடிசைகள் வளர்ந்தன, கேடயம் மட்டும் வளரலை. அறிவிக்காத குடிசை ஆக்கிரமிப்பாச்சு. ஆக்கிரமிப்பு என்றால் இடிக்கலாம், ஏத்திக்கிட்டுப் போய் வெளியே கொட்டலாம். 2000-இல் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நம்ம மாவட்டத்தில் திருமழிசைப் பக்கம் கூடப்பாக்கம். அங்க போய்ச் சாதி கேட்டுப் பாருங்க. நகரத்துக்குள்ள கலந்து கிடந்த சேரிகளை ஒண்ணாச் சேர்த்து, நகரத்துக்கு வெளியே எட்டு மாடியில் ஒரே சேரியாக் கட்டியிருக்காங்க.

வீட்டு வேலை செய்யற ஒரு அம்மா. நகரத்துக்குள்ள இருந்தப்போ நடந்து போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ச்சாங்க. மாத்தின பிறகு விடியக்காலை பஸ் பிடிச்சுப் போனா ரெண்டு வீட்டுக்குத்தான் நேரம் இருக்கு. ரெண்டு வீட்டுக் கூலி போச்சு. அரசு கொடுத்தது இலவச வீடா? மாசாமாசம் அவங்க சம்பளத்திலிருந்து பாதியைக் கட்டி வாங்கின வீடு அது. எந்த எஸ்டிமேட்டிலும் இந்தத் தொகை எழுதப்படுறதில்லை.

அடுத்தது காப்பாத்துறது. 2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளம். 2018 வரைக்கும் நம்ம மாவட்டத்தில் இருந்த ஊர். வாரியக் குடியிருப்பில் 24 வீடு கொண்ட ஒரு கட்டடம் அப்படியே உட்கார்ந்துருச்சு. விரிசலைப் பார்த்துச் சனங்க முன்னாடியே வெளியே வந்ததால உயிர்ச்சேதம் இல்லை. சேர்த்து வைச்ச பண்டம், பாத்திரம், பிள்ளைகளோட சர்டிபிகேட்டு எல்லாம் மண்ணுக்குள்ள. அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப் பேர் வைச்சிருந்தாங்க.

கட்டடம் ஏன் விழுது? கொத்தனாரா சொல்றேன். கம்பிக்கு வெளியே முக்கால் அங்குலமாவது கான்கிரீட் மூடியிருக்கணும். அதை கவர் என்போம். அதுக்குக் கீழ வைக்கிற கவர் கட்டையை மிச்சம் பிடிச்சா, கம்பி செண்ட்ரிங் பலகையிலேயே படுத்துக்கும். எண்ணூர், பழவேற்காடு பக்கம் உப்புக் காத்து. உப்பு உள்ளே போனா கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச கம்பி பருத்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். குடியிருக்கிறவங்க அதைப் 'பூச்சு உதிருது'ன்னு சொல்வாங்க. அது பூச்சு இல்லை, எச்சரிக்கை. கழிவுநீர்க் குழாய் உடைஞ்சு சுவரில் தண்ணி ஊறினா இந்த நாசம் பாதி காலத்தில் நடக்கும். 'சனங்களுக்கு வீடு வைச்சுக்கத் தெரியலை' என்று அதிகாரிகள் சொல்றதைக் கேட்டிருக்கேன். குழாயை மாத்தற பணம் எந்தத் தலைப்பில் இருக்குன்னு கேட்டா பதில் வராது. கட்டறதுக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. குழாய் மாத்தினதுக்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்டமாட்டார்.

சிங்கப்பூரில் 1960-இல் வீட்டு வசதி வாரியம் ஆரம்பிச்சாங்க. அங்க மக்களில் பெரும்பான்மை அந்த வாரியம் கட்டின வீட்டில்தான் இருக்காங்க. 1980-களின் கடைசியிலிருந்து பராமரிப்பை நகர மன்றங்கள் பார்க்குது. மாசாமாசம் ஒரு தொகை, அதில் ஒரு பங்கு பெரிய பழுதுக்கான நிதியில் சேரும். அவங்க அரசியல் நமக்கு வேண்டாம், அந்தக் கணக்குப் புத்தகம் வேணும். அங்க அரசு வீடு என்றால் ஏழை வீடு இல்லை, ஊர் வீடு. அதனால ஒழுகினா எல்லாரும் கத்துவாங்க. இங்க அரசு வீடு என்றால் சேரி. ஒழுகினா நாம மட்டும் கத்தறோம்.

சாதி சுவரைக்கூட விடறதில்லைங்க. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் கொளுத்தினது குடிசைகளை இல்லை. பெங்களூரு போய் உழைச்சு, கடன் வாங்கிக் கட்டின தள வீடுகளை. பீரோவை உடைச்சு, டிவியை உடைச்சு, பட்டாவையும் படிப்புச் சான்றிதழையும் எரிச்சாங்க. 'இவனுக்கு மாடி வீடா' என்கிற வயித்தெரிச்சல் அது. ஆக, தீப்பிடிக்காத கூரை மட்டும் நம்மைக் காப்பாத்தாது. 1942-இல் நாகபுரி மாநாட்டில் பட்டியல் மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள், அரசு நிலத்தில், வேணும் என்று தீர்மானம் போட்டாங்க. அண்ணல் கேட்டது சாதி இந்துவோட தயவில் இல்லாத, சொந்த நிலத்தோட கூடிய ஊர். நமக்குக் கொடுத்ததோ நிலம் இல்லாத, ஊரையே நம்பி நிக்கிற காலனி. ரெண்டும் வேற வேற.

2025 ஏப்ரலில் காலனி என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கறோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிச்சார். நல்லது, வரவேற்கணும். பெயர்ப் பலகையை மாத்தியாச்சு என்றால், அடுத்து அந்தப் பலகைக்குப் பின்னாடி போற பாதையையும் பாருங்க. மழைக்காலத்தில் பிணம் தூக்கிப் போக முடியாத பாதை, புதுப் பேர் வைச்சாலும் அப்படித்தான் இருக்கும்.

கடைசியா, நாம என்ன செய்யலாம்? அவங்கவங்க ஊரில் உடனே செய்யக்கூடிய வேலையைச் சொல்றேன்.

கலைஞரின் கனவு இல்லம் 2024-இல் வந்திருக்கு. 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம். அதுக்கும் சொந்த மனை, பட்டா வேணும். மனை இல்லாதவன்தான் அதிக ஏழை, அவனுக்குத்தான் கதவு மூடியிருக்கு. அதனால முதல்ல நிலப் பதிவு. அ-பதிவேட்டை எடுங்க. உங்க ஊரில் பஞ்சமி நிலம் எந்த சர்வே எண், இப்போ யார் பேரில் இருக்குன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்க. நம்ம படிச்ச பிள்ளைங்க ரெண்டு பேர் ஒரு மாசம் உட்கார்ந்தா ஒரு ஊராட்சியோட பட்டியலே தயார் பண்ணிடலாம்.

ரெண்டாவது, மனை கேட்கும்போது எந்த மனை என்று நாமளே எழுதிக் கேளுங்க. பள்ளிக்கூடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பக்கம், தண்ணி தேங்காத மேடு, சர்வே எண்ணோட. பொதுவா 'மனை வேணும்' என்று மனு கொடுத்தா பள்ளம்தான் கிடைக்கும்.

மூணாவது, பட்டாவும் ஒதுக்கீட்டு ஆணையும் பெண்கள் பேரில் இருக்கட்டும். குடிச்சுட்டு அடமானம் வைக்கிற கை அதில் படாது.

நாலாவது, அடுக்குமாடியில் இருக்கிற தோழர்களுக்கு. ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு நோட்டுப் போடுங்க. எந்த வீட்டுத் தளத்தில் கம்பி தெரியுது, எந்தக் குழாய் கசியுது, எந்தத் தேதியில் புகார் கொடுத்தோம். போட்டோ எடுத்து ஒட்டுங்க. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்குப் பின்னாடி ஒரு தடவை. விரிசல் மேல பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்க, அது கோட்டைத் தாண்டினா அதிகாரியைக் கூப்பிடுங்க. அந்த நோட்டு இருந்தா 'எங்களுக்குத் தெரியாது' என்று எவனும் சொல்ல முடியாது.

இந்த மாவட்டத்தில் நிக்கிற கம்பெனிச் சுவர், மேம்பாலம், நகரத்து மாடி எல்லாத்திலும் நம்ம கை பட்டிருக்கு. செங்கல் அறுத்ததும் நாம, சூளை வைச்சதும் நாம, மண்ணு சுமந்ததும் நம்ம பொம்பளைங்க. கட்டத் தெரிஞ்ச சனம் நாம. நமக்குத் தேவை தயவு இல்லை, மனை. அதைக் கேட்டு வாங்குற வேலையில் இறங்கணும். அ-பதிவேட்டுக்கு மனு எப்படி எழுதறதுன்னு தெரியாதவங்க கூட்டம் முடிஞ்சதும் இருங்க. வெள்ளைத் தாள் கொண்டு வந்திருக்கேன், உட்கார்ந்து எழுதிடலாம்.

ஜெய் பீம்.